ஒய்டூகே: இடைவேளை வரைக்கும் போதும்

1999 டிசம்பர் 31 ராத்திரி நான் ஆபீசில்தான் இருந்தேன். 2000 பிறந்ததும் கணினிகள் ‘00’ஐ 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும் என்ற பயம்தான் ஒய்டூகே. அதற்காக இரண்டிலக்க வருஷத்தை நான்கிலக்கமாக்கும் வேலை, கோபோல் என்ற பழைய கணினி மொழியில். (எங்கள் செட்டுக்கு அது கோபால்.) மணி பன்னிரண்டு அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. பிளாஸ்க்கில் ஆறிப்போயிருந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

கைல் மூனி இயக்கிய ‘ஒய்டூகே’ (2024) படத்தில் எல்லாமே ஆகிறது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தாண்டு பார்ட்டியில் வீட்டுச் சாமான்கள் உயிர்பெற்று ஆளைக் கொல்கின்றன. பழைய மானிட்டரும் வயரும் ஒட்டிக்கொண்டு எழுந்து நடக்கும் அந்த ரோபோக்கள்! நியூசிலாந்தின் வேட்டா வொர்க்‌ஷாப் என்ற சினிமா பொம்மைப் பட்டறை கைப்பட செய்தவை. கிராபிக்ஸ் வழவழப்பே இல்லை. ஆரம்பத்தில் கணினித் திரையும் டெலிபோன் வழியே இணையம் வந்த டயல்-அப் காலமும் வந்தபோது என் மகள் “என்னப்பா இது?” என்றாள். எனக்கோ புல்லரித்தது.

ஆனால் நாயகனின் நண்பனாக வரும் ஜூலியன் டெனிசன் இருக்கும்வரைதான் படம் துள்ளுகிறது. அவரைச் சீக்கிரமே கொன்றுவிடுகிறார்கள். முதல் பாதியை ரசித்த விமர்சகர்கள் பலர் அதன்பிறகு படம் நொண்டுகிறது என்றார்கள், சரிதான். நாயகி ரேச்சல் செக்லர் கணினியில் தட்டும் புரோகிராமைப் பார்த்து நான் சிரித்தேன், அது நகைச்சுவைக் காட்சி இல்லை. லிம்ப் பிஸ்கிட் என்ற ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெட் டர்ஸ்ட் அவராகவே வருவதற்குச் சிரிக்க, அந்தக் கால எம்டிவி பாட்டுச் சேனலைப் பார்த்திருக்க வேண்டும். மகள் அதற்குள் தூங்கிவிட்டாள்.