சீருக்கு பித்தளைப் பானையா, எவர்சில்வர் பானையா?

தலைப்பொங்கல் சீர் வாங்க கும்பகோணம் பாத்திரக்கடைக்கு கிளம்புறவங்க நெறைய பேர் இதுல குழம்புறாங்க, அதான் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்துடலாம்.

சூடு: பித்தளை எவர்சில்வரை விட சுமார் 7 மடங்கு நல்லா வெப்பத்தை கடத்தும். தீ ஒரு பக்கம் பட்டாலும் சூடு பானை முழுக்க பரவிடும், பொங்கல் லேசுல அடிபிடிக்காது.
எவர்சில்வர்ல தீ படுற எடம் மட்டும் காஞ்சு கெடக்கும், தகடு மெல்லிசுன்னா கிண்டிக்கிட்டே நிக்கணும்.

எடை: ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை 8.5 கிராம் கிட்ட, எவர்சில்வர் 8 கிட்ட. பெரிய வித்தியாசம் இல்ல, பித்தளைப் பானை கனக்குறது தகடு தடிமனா இருக்குறதாலதான்.

புளிப்பு: எவர்சில்வர்ல உள்ள குரோமியம் மேல கண்ணுக்கு தெரியாத படலம் கட்டிக்கும், புளிக்குழம்பு வச்சாலும் கவலையில்ல.
பித்தளைல இருக்குறது செம்பும் துத்தநாகமும், புளிப்பு பட்டா கரையும், களிம்பு ஏறும், அதனாலதான் உள்ள ஈயம் பூசுறது. பூச வேண்டியது வெள்ளீயம் (டின்) மட்டும்தான், காரீயம் (லெட்) விஷம், தயவுசெஞ்சு கேட்டு உறுதிபண்ணிக்குங்க. வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிடும், அதனால வெறும் பானையை அடுப்புல ஏத்தாம தண்ணியோ பாலோ ஊத்தி ஏத்துங்க.

விலை: பித்தளை ரொம்ப கூட. ஆனா நசுங்கினா தட்டி நிமித்தலாம், பழசா போட்டாலும் எடைக்கு நல்ல காசு.

சீருக்கும் பொங்கலுக்கும் பித்தளை, தினப்படி குழம்பு ரசத்துக்கு எவர்சில்வர், இதான் என் முடிவு. கடைக்கு போறப்ப சின்ன காந்தம் எடுத்துட்டு போங்க, பித்தளைன்னு குடுக்குறது அதுல கப்புன்னு ஒட்டுனா உள்ள இரும்பு, மேல வெறும் முலாம்.