கல்யாணப் பத்திரிகை: வீட்டு இன்க்ஜெட்டா, கடை லேசரா?

ஒரு ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு பத்திரிகை. 100 பத்திரிகைக்கு 50 அட்டை, சேதாரத்துக்கு 5 கூடுதல். எதில் அச்சிடுவது?

மஞ்சள் தடவும்போது
இன்க்ஜெட்: சாய மை என்றால் ஈர மஞ்சள் பட்டதும் எழுத்து கரையும். நான்கு மூலையையும் வெறுமையாக விடுங்கள். மஞ்சளைக் கெட்டியாகக் குழையுங்கள்.
லேசர்: டோனர் (லேசரின் தூள் மை) கரையாது.

மடிப்பு
இன்க்ஜெட்: தொல்லை குறைவு.
லேசர்: டோனர் வெடித்து வெள்ளை தெரியும். மடிப்பில் அடர்நிறம் வேண்டாம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டபின் மடியுங்கள்.

தாள்
கையால் செய்த சொரசொரப்பான தாளுக்கு (கைத்தாள்) இன்க்ஜெட். பள்ளங்களில் டோனர் சரியாகப் பிடிக்காது. இன்க்ஜெட்டுக்கென்று செய்யாத பளபள அட்டையில் மை காயாமல் இழுகும், அதற்கு லேசர்.

தங்க நிறம்
லேசர் மட்டுமே. கறுப்பில் அச்சான பிள்ளையார் மேல் டோனர் ஃபாயிலை (சூட்டில் டோனரோடு ஒட்டும் தங்கநிற மென்தகடு) வைத்துச் சூடான லேமினேட்டரில் விட்டால், டோனர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும். அவ்வளவு அழகு!

கடைக்கு பிடிஎஃப் கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பு என்றால், அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது தமிழ் உடைந்துவிடும்.

கைத்தாளில் ஐம்பதுக்குள் போதுமென்றால் இன்க்ஜெட். அதற்கு மேல், மஞ்சள் வைத்து ஊரெல்லாம் கொடுப்பதென்றால் லேசர்தான்.