ராணி எறும்பு வாங்கும் முன் அதன் நெஞ்சைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் எறும்பு வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போன ஐப்பசியில் மூன்று ‘ராணி’ எறும்புகளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். குடும்பம் அமைக்கக்கூடிய ராணி மூன்றில் ஒன்றுகூட இல்லை. பணத்தை விடுங்கள். ஓர் உயிரைத் தன் கவனக்குறைவால் கொன்றுவிட்டதாக என் மகன் இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

எங்களுடையது பழைய வீடு. மழை பிடித்துவிட்டால் முற்றத்தைச் சுற்றிப் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் இடுக்குகளிலிருந்து எறும்புகள் கிளம்பிவரும். அவனுடைய அப்பத்தா அவற்றை மிதிக்க விடமாட்டார். வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவதே அவற்றுக்காகத்தான் என்பார். பிள்ளையார் எறும்பு எது, கடியெறும்பு எது, முசுறு எது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கட்டெறும்பு ராணி ஒன்றை வைத்து முதல் முட்டையிலிருந்து ஒரு குடும்பத்தை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவன் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். மழைக்குப் பிறகு தானே பிடித்தவை என்று மூன்று சிறிய டப்பாக்களைத் திண்ணையில் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள். வெளியிலிருந்து உள்ளே இருப்பது நிழலாகத்தான் தெரியும். ஒன்றை மட்டும் லேசாகத் திறந்து, “அண்ணே, ராணி என்றால் தலை பெரிதாகத்தான் இருக்கும். இந்தத் தலையைப் பாருங்கள்” என்றார். பார்த்தேன். பெரிய தலைதான். பணம் கை மாறியது. தினமும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்து மூன்றாம் நாள் அந்தப் பெருந்தலை எறும்பு செத்துக் கிடந்தது. அழைத்துக் கேட்டேன். “தம்பி அடிக்கடி திறந்து பார்த்திருப்பான் அண்ணே, ராணிக்கு அது ஆகாது” என்றார். தினமும் திறந்து சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொன்னவரே அவர்தான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பையனின் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். இரண்டு மாதம் கழித்துத்தான் அவரிடம் போகத் தோன்றியது. பையன் தீப்பெட்டியில் வைத்திருந்த அந்தச் செத்த எறும்பை லென்ஸ் வைத்துப் பார்த்த அவர் அரை நிமிடத்தில், “இது ராணி இல்லையப்பா, வேலைக்காரி” என்றார். அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கட்டெறும்புக் கூட்டில் வேலைக்காரிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. சிறியவை உண்டு, நடுத்தரம் உண்டு, தலை பெருத்த பெரியவையும் உண்டு. அந்தத் தலை நிறைய இருப்பது தாடையை இயக்கும் தசை. கடினமானதைக் கடித்து நறுக்குவதும் கூட்டைக் காப்பதும் அவற்றின் வேலை. ஆகவே தலையை வைத்து ராணியைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள நெஞ்சை. ராணி ஒருமுறையாவது பறப்பதற்கென்றே பிறந்தவள். பறக்கும் தசைகளை வைத்துக்கொள்ள அவளுடைய நெஞ்சு பருத்து, மேலே திமில் போல உயர்ந்து, தட்டுத் தட்டாகப் பிரிந்திருக்கும். பக்கங்களில் இறக்கை உதிர்ந்த தழும்புகள் தெரியும். வேலைக்காரிக்கு இறக்கை முளைப்பதே இல்லை என்பதால் அவள் நெஞ்சு ஒடுங்கி, வில் போல ஒரே வளைவாக இருக்கும். லென்ஸ் இருந்தால் நெற்றியையும் பாருங்கள்: ராணிக்கு இரண்டு பெரிய கண்கள் தவிர உச்சியில் மூன்று புள்ளிக் கண்கள் தெளிவாகத் தெரியும்.

அந்த நெஞ்சுத் தசைதான் அவளுடைய குதிர். கட்டெறும்பு ராணி கலவி முடிந்து இறக்கையை உதிர்த்துவிட்டு, ஓர் இருட்டுப் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறாள். இனி தேவைப்படாத அந்தத் தசையையும் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பையும் கரைத்துத்தான் முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். முதல் வேலைக்காரிகள் வெளிவரும் வரை அவளுக்கு உணவே தேவையில்லை. பஞ்சுக்குப் பின்னால் தண்ணீர் நிறுத்திய ஒரு சோதனைக்குழாய், இருட்டு, தொந்தரவின்மை, இவ்வளவு போதும். தினமும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொல்பவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

இரண்டாவது டப்பாவில் இருந்தது உண்மையிலேயே ராணிதான். அதனால்தான் அந்த ஏமாற்று இன்னும் மோசம். இறக்கை உதிரும்போது அடியிலுள்ள ஒரு கோட்டில் சுத்தமாக உடையும். இதற்கோ நான்கு இடத்திலும் பிய்ந்த குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ கையால் பிடுங்கியிருக்கிறார்கள். கலவிப் பறப்புக்குப் போகுமுன் கூட்டிலிருந்தே பிடித்திருப்பார்கள் என்றார் பெரியவர். முட்டை இட்டது, புழுவானது, புழு கூடு கட்டியது. பையன் நாள் எண்ணினான். ஒரே ஒரு கூட்டிலிருந்து வெளிவந்தது சிறுத்த தலையும் இறக்கையும் கொண்ட ஆண். எறும்பில் கருவுற்ற முட்டைதான் பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். ஆண் எறும்பு இரை தேடாது, குஞ்சு வளர்க்காது. கலவி காணாத ராணியால் ஒரு குடும்பத்தை உண்டாக்கவே முடியாது. (தழும்பு சுத்தமாக இருந்தாலும் முழு உறுதி இல்லை, கலவியில்லாமலே இறக்கையை உதிர்க்கும் ராணிகளும் உண்டு. முதல் வேலைக்காரி வெளிவந்தால்தான் நிச்சயம்.)

மூன்றாவதைப் பார்த்ததும் பெரியவருக்கே கோபம் வந்துவிட்டது. கறுப்பாக, உடல் முழுதும் கைரேகை போல வரி ஓடிய எறும்பு. டயகாமா என்ற இனம். அந்த இனத்தில் ராணி என்ற உருவமே கிடையாது. கலவி கண்ட வேலைக்காரி ஒருத்திதான் முட்டையிடும் பொறுப்பை ஏற்கிறாள். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இந்த எறும்புகளுக்கு இரண்டு சிறிய மொட்டுகள் இருக்கும். பெரும்பாலான வகைகளில், புதிதாகப் பிறப்பவற்றின் மொட்டுகளை அவள் கடித்து அகற்றிவிடுவாள், மொட்டை இழந்தவை கலவி செய்யா. இத்தனை அற்புதமான ஓர் உயிரைத் தெருவோரத்தில் பொறுக்கி, ‘அரிய ராணி’ என்று 600 ரூபாய்க்கு என்னிடம் விற்றிருக்கிறார். விசாரித்ததில் அதே விலைக்குக் கோட்டையூரில் இன்னொரு குடும்பமும் வாங்கியிருப்பது தெரிந்தது.

ராணி எறும்புக்கு உலகெங்கும் இன்று சந்தை இருக்கிறது. 2025இல் கென்யாவில் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த பெல்ஜிய இளைஞர்கள் இருவருக்கு நீதிமன்றம் தலா பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. காசு புழங்கும் இடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆசையும் சரக்காகிவிடுகிறது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணாடிக் குழாய்க்கு மாற்றிப் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். முட்டையோடு இருக்கிறது என்பதற்கு மயங்காதீர்கள். வேலைக்காரிகளோடு இருக்கும் ராணிக்கு மட்டும் பணம் கொடுங்கள். கூட்டைத் தோண்டி எடுத்துத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள், உள்ளே இருப்பதைச் சிதைத்துவிட்டுத்தான் வருவார். மழை ஓய்ந்த வேளையில் முற்றத்திலும் ஊருணிக் கரையிலும் இறக்கை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக ஓடும் ராணிகளைப் பிள்ளைகளே பார்க்கலாம். ஈசலைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அதற்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது, நான்கு இறக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக இருக்கும். எறும்புக்கு உணர்கொம்பு முழங்கை போல மடங்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த இளைஞரை மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறை நாளை என்றார். இப்போது என் எண்ணை எடுப்பதில்லை. அந்த எறும்பு சாக அவன் காரணமில்லை என்று பெரியவர் என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, நெஞ்சைக் காட்டிச் சொன்னார். அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த லென்ஸ் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.