ஃபுர்சத்கஞ்ச் விமானிப் பயிற்சி: பள்ளி நன்று, பணம் புரட்டும் வழிதான் கரடுமுரடு

இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் சேரலாமா என்று கேட்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் பதில்: சேரலாம். ஆனால் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் அன்றே மருத்துவப் பரிசோதனைக்கும் வங்கிக்கும் நடக்கத் தொடங்குங்கள். இந்தப் படிப்பில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் விமானத்தில் விழுவதில்லை, காகிதத்தில் விழுகிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில், லக்னோவிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள ஃபுர்சத்கஞ்சில் 1985-இல் அமைக்கப்பட்டது இந்த அகாடமி. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தன்னாட்சி நிறுவனம். சொந்த ஓடுதளம், விடுதி, டி.ஏ.40, டி.ஏ.42 டைமண்ட் விமானங்கள் என எல்லாம் ஒரே வளாகத்தில். டி.ஏ.42 இரட்டை எஞ்சின் விமானம். வெளியே சில பள்ளிகளில் ஒற்றை எஞ்சினில் மணிகளை முடித்துவிட்டு, இரட்டை எஞ்சின் பயிற்சிக்கு வேறோர் ஊருக்கு ஓடி, தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். இங்கே அந்த அலைச்சல் இல்லை என்பது பெரிய பலம்.

தகுதி: வயது 17 முதல் 28. உயரம் 158 செ.மீ. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். பொதுப் பிரிவுக்கு 50%, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45%. வணிகவியல் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களையும் எழுதித் தேறலாம். தேர்வு ஆங்கிலத்தில். பிளஸ் டூ அளவிலான கணிதம், இயற்பியல், ஆங்கிலம், தர்க்கம், பொது அறிவு கேட்பார்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் இயற்பியல் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொள்ள மூன்று மாதம் ஒதுக்கினால் சமாளிக்கலாம். நீட், ஜே.இ.இ. அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டியது மருத்துவம். டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை இயக்குநரகத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன் பிறகு முதல் வகுப்புச் சான்று. முதல் வகுப்பு இல்லாமல் வணிக விமானி உரிமம் கிடையாது. பெங்களூரு விமானப்படை மருத்துவ நிலையத்தில் இந்தப் பரிசோதனை நடக்கும். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை, பார்வை திருத்தப்பட்டிருந்தால் போதும். நிறக்குருடு, காது கேட்கும் திறன், இ.சி.ஜி. ஆகியவற்றில்தான் அதிர்ச்சி வரும். தவணை கட்டிய பிறகு இந்த அதிர்ச்சி வந்தால் அது குடும்பத்தையே சாய்த்துவிடும். அதனால் முதல் வகுப்புச் சான்று கையில் வராமல் எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்டாதீர்கள்.

அடுத்தது டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதத் தேவையான பதிவு எண், அதாவது கணினி எண். இதற்குப் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் உண்மையானது என்ற சரிபார்ப்பு வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல்: இன்ஷியல். மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பின்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி பொறுப்பு விமானியாக (பைலட் இன் கமாண்ட்). 300 கடல்மைல் தொலைவுக்கு, வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்று செல்லும் ஒரு நெடும் பயணமும் அதற்குள் அடங்கும். இரவில் 5 மணி நேரம், பொறுப்பு விமானியாக 10 முறை ஏறி இறங்க வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் வழிகாணல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் எல்லாவற்றிலும் 70% எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலித் தொடர்பு உரிமம் முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2024-ஆம் ஆண்டின் புதிய விமானச் சட்டம் அதை டி.ஜி.சி.ஏ.விடம் கொடுத்துவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தவறான அலுவலகத்துக்குப் போகாதீர்கள்.

மாதம் 20 மணி நேரம் பறந்தால் 10 மாதத்தில் முடிந்துவிடும் என்று கணக்கு சொல்லும். கங்கைச் சமவெளி அப்படி விடாது. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி. மே, ஜூனில் புழுதி. பிறகு மழை. மூடுபனிக் காலத்தில் கோண்டியா போன்ற இடங்களுக்கு அனுப்பிப் பறக்கவைக்கும் ஏற்பாடு நடந்திருக்கிறது, ஆனாலும் பறக்கும் அட்டவணை தள்ளும். விமானம் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை இரண்டும் சேர்ந்தால் இன்னும் தள்ளும். இரண்டு ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டே விடுதிச் செலவையும் வட்டியையும் கணக்கிடுங்கள். டி.ஜி.சி.ஏ. பறக்கும் பள்ளிகளை முதன்முறையாகத் தரவரிசைப்படுத்தி 2025-இல் வெளியிட்ட பட்டியலில் நாட்டின் எந்தப் பள்ளிக்கும் உயர்நிலைத் தரம் கிடைக்கவில்லை, எல்லாமே பி, சி தரங்கள்தான். இந்தப் பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். எந்தப் பள்ளியானாலும் அண்மைப் பட்டியலைப் பாருங்கள். நேரில் போய், கடைசியாக முடித்த குழு எத்தனை மாதத்தில் 200 மணியை முடித்தது, இப்போது பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

கட்டணம்: அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகளில் 45 லட்சம், நான்கு தவணையாக. விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம் தனி. குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் இதில் இல்லை. ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737-க்கு இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் வேண்டும். தனியார் பள்ளிகளையும் ஒப்பிடுபவர்களுக்கு ஒரு தகவல்: டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பள்ளியில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2024-இல் தெளிவுபடுத்திவிட்டார்கள். 45 லட்சத்துக்கு 18% என்றால் 8.10 லட்சம். யாராவது விலைப்பட்டியலில் இதைச் சேர்த்திருந்தால் எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் மதிப்பீட்டில் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவது கடன் ஏற்பாடு. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் விமானிப் பயிற்சி பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆகவே "இந்தப் படிப்புக்குக் கடன் இல்லை" என்று கிளை மேலாளர் சொன்னால் அதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணையம் கேட்பார்கள். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. விவசாய நிலத்தை வங்கிகள் விரும்புவதில்லை, ஏனென்றால் கடன் திரும்பி வராவிட்டால், பிணையச் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு உதவும் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் அதைக் கைப்பற்ற முடியாது. பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக வீடும் வழக்கறிஞர் கருத்துரையில் அடிபடும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, அங்கீகரித்த வரைபடம் நான்கையும் சேர்க்கையோடு தேடத் தொடங்கினால் முதல் தவணைத் தேதி தாண்டிவிடும். செலவில் 5% கைப்பணமும் வேண்டும்.

2024-இல் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பிணையமில்லாக் கடன் தருகிறது, 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரை 3% வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அது தேசியத் தரவரிசைப் பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. பறக்கும் பள்ளிகளில் சேர உங்களை நம்பவைக்க இந்தத் திட்டத்தின் பெயரை முகவர்கள் பயன்படுத்தினால், நிறுவனப் பட்டியலில் பெயரைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு உள்ள வழி பலருக்கும் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையின் முதல் பிரிவிலேயே வணிக விமானி உரிமப் பயிற்சி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணத்தில் எவ்வளவு ஏற்பார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். தொகை தாமதமாக வரும், தவணையோ காத்திருக்காது. இடைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு கையில் வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 50 லட்சம் கடன், 11% வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 56,800. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. உரிமம் வாங்கிய மறுநாள் வேலை வருவதில்லை, விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும் அலை ஏறி இறங்கும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது, அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வீட்டு வருமானம் தவணையைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

தாங்காது என்றால் விமானத்துறைக்குள் நுழையப் பணம் கேட்காத கதவுகள் இருக்கின்றன. பிளஸ் டூ இயற்பியல், கணிதத்தோடு முப்படை அதிகாரிகளுக்கான என்.டி.ஏ. தேர்வு, பட்டத்துக்குப் பின் விமானப்படை அதிகாரிகளுக்கான ஏ.எஃப்.கேட். தேர்வு. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவின் 'சி' சான்றிதழ் இருந்தால் விமானப்படையில் தனி ஒதுக்கீடு உண்டு. பி.எஸ்சி. இயற்பியல், கணிதமோ பொறியியலோ முடித்தவர்கள் 27 வயதுக்குள் விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் தேர்வு எழுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகலாம். அடிப்படைச் சம்பளம் 40,000-இல் தொடங்கும் நிலை. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, ஒப்பந்தப் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பின் குரல் சோதனை உண்டு என்பதால், ஆங்கிலத்தில் எண்களையும் திசைகளையும் தெளிவாக, பதறாமல் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.