சமூகப்பணி மட்டுமா, ஊரக வளர்ச்சியும் சேர்ந்ததா: எந்த இளங்கலை?

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சமூகத் துறைக்குள் வர நினைப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. சமூகப்பணியில் மட்டும் இளங்கலை, அதாவது பி.எஸ்.டபிள்யூ, முதல் வழி. சமூகப்பணியையும் ஊரக வளர்ச்சியையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படிப்பது இரண்டாவது. சமூகவியலோ பொருளாதாரமோ படித்துவிட்டு முதுகலையில் சமூகப்பணிக்கு மாறுவது மூன்றாவது. நான் இரண்டாவதைப் படித்தவள். இன்று யார் கேட்டாலும் அதையே முதலில் சொல்வேன். அதற்கான காரணத்தையும், மற்ற இரண்டும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாவது வழியை முதலில் பார்த்துவிடலாம். கணக்கிலும் ஆய்விலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழிதான். வறுமைக் கோடு எப்படி வகுக்கப்படுகிறது, மாதிரிக் கணக்கெடுப்பில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதையெல்லாம் பொருளாதார மாணவர் எங்களைவிட ஆழமாகக் கற்கிறார். 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் சிறுகடன் முயற்சியைத் தொடங்கிய முகமது யூனுஸ் பொருளாதாரப் பேராசிரியர். ஆனால் அந்தப் பட்டங்களில் களத்துக்குப் போவது பொதுவாகக் கட்டாயமில்லை. மக்களோடு உட்கார்ந்து பேசும் பயிற்சி முதுகலை வரை தள்ளிப்போகிறது. காலக் கணக்கும் உண்டு: அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ முடித்தவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக் காலத்தைக் குறைத்துக் கொடுக்கின்றன. வேறு பாடம் படித்து வருபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான். தனிநபர் சமூகப்பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, ஆராய்ச்சி, நலநிர்வாகம், சமூகச் செயல்பாடு ஆகியவற்றை இரண்டு பட்டங்களிலும் கற்றுத் தருகிறார்கள். இரண்டாவதில் நிலம், நீர், வேளாண்மை, வாழ்வாதாரம், கூட்டுறவு, உள்ளாட்சி ஆகியவை கூடுதலாக வருகின்றன. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரிகிற வேற்றுமை இது.

இப்படிச் சேர்த்துப் படித்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும் என்று சிலர் எச்சரிப்பார்கள். ஒரு பாதி சரி. மனநலம், குழந்தைப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு ஒதுக்கும் நேரம் நிச்சயமாகக் குறைகிறது. ஆனால் வளர்ச்சி என்பது சமூகப்பணிக்கு வெளியே இருந்து ஒட்டவைத்த பாடம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 2014-இல் மெல்போர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரையறையே சமூக மாற்றத்தையும் வளர்ச்சியையும் தொழிலின் நோக்கங்களில் முன்வரிசையில் வைக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சமூகப்பணி ஒரு தொழிலாக உருவானது நகரத்தில். 1884-இல் லண்டனில் டாயின்பீ ஹால், 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்று, படித்தவர்கள் ஏழைகளின் குடியிருப்புப் பகுதியிலேயே தங்கிப் பணிசெய்த இல்லங்களில் தொடங்கிய அதன் தொடக்கமே தொழிற்சாலை நகரங்களின் நெருக்கடியிலிருந்துதான். அதனால் தனிச் சமூகப்பணிப் பாடம் பல இடங்களில் ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்தே பேசுகிறது. அங்கே ஓர் அலுவலகம் இருக்கும், கோப்பு இருக்கும், உதவி கேட்டு ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். கிராமத்தில் தட்டுவதற்குக் கதவே இருக்காது. கடன், தண்ணீர், நிலத்தகராறு, பிள்ளையின் படிப்பு நிற்பது எல்லாம் ஒரே வீட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எந்த இழையிலிருந்து தொடங்குவது என்று காட்ட வேளாண்மையும் நீரும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் இருந்தாலும், எனக்கு முடிவைத் தந்தது பாடத்திட்டம் அல்ல, களப்பணி. அதிலும் ஒரே ஊருக்கு, வெவ்வேறு பருவங்களில், திரும்பத் திரும்பப் போகிற ஏற்பாடு.

தனிச் சமூகப்பணிப் படிப்பில் வாரத்தில் சில நாட்கள் வகுப்பு, சில நாட்கள் களம் என்ற முறை பரவலாக இருக்கிறது. ஒரு கல்விப் பருவம் மருத்துவமனை, அடுத்தது பள்ளி, அதற்கடுத்தது தொண்டு நிறுவனம் என்று இடம் மாறும். பல வகைப் பணிகளைப் பார்த்துவிடலாம் என்பது அதன் பலம். கிராமம் அங்கே பெரும்பாலும் ஒரு முகாமாக வந்து போகிறது. சில நாட்கள் தங்கி, ஒரு கணக்கெடுப்பும் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சியும் நடத்தி, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

இந்தக் குறுகிய வருகையின் ஆபத்தை ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1980-களிலேயே விரிவாகப் பேசிவிட்டார். வெளியிலிருந்து வருபவர்கள் சாலையோர வீடுகளையே பார்க்கிறார்கள். ஆண்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமுமே பேசுகிறார்கள். பாதை காய்ந்திருக்கும் மாதங்களிலேயே வருகிறார்கள் என்பது அவருடைய வாதம். மூன்றாவதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. மழையை நம்பி விவசாயம் செய்யும் பல பகுதிகளில் அறுவடைக்கு முந்தைய மழை மாதங்களில்தான் சேமித்த தானியம் தீர்கிறது, காய்ச்சல் பரவுகிறது, வயலில் வேலையும் கூடுதலாக இருக்கிறது, கடன் வாங்குவதும் அப்போதுதான். பாதை சேறாகிவிட்டது என்று நாம் போகாமலிருக்கும் அதே மாதங்கள். வறண்ட காலத்தில் மட்டும் ஊரைப் பார்த்தவர் வறுமையின் பாதியைப் பார்க்காமலேயே அறிக்கை எழுதிவிடுகிறார்.

நான் படித்த பட்டத்தில் ஒரே ஊருக்கு விதைப்பிலும் போனோம், அறுவடையிலும் போனோம், இரண்டுக்கும் நடுவிலும் போனோம். ஊர் மக்களே தங்கள் நிலையை வரைந்து காட்டி ஆராயும் பங்கேற்பு முறை ஊரக மதிப்பீட்டில் பருவ நாட்காட்டி என்று ஒரு பயிற்சி உண்டு. தரையில் பன்னிரண்டு மாதங்களுக்குக் கோடு போட்டு, வேலை, உணவு, நோய், கடன் ஒவ்வொன்றுக்கும் மாதவாரியாக மக்களே விதைகளையோ கூழாங்கற்களையோ வைப்பார்கள். ஒரு முகாமில் அதைச் செய்தால் அழகான வரைபடம் கிடைக்கும். அதே ஊருக்கு அந்த மாதங்களிலேயே திரும்பிப் போனால், கூழாங்கற்கள் குவிந்திருந்த கட்டத்தில் அடுப்பு எத்தனை வேளை எரிகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஊர் வரைபடமும் அப்படித்தான். முதல்முறை ஆண்கள் வந்து வரைந்தார்கள். பெரிய சாலை, கோவில், வயல் எல்லை, வசதியானவர்களின் வீடுகள் தெளிவாக வந்தன. பிறகு வேறொரு பருவத்தில் பெண்கள் வரைந்தபோது சாலை மெல்லிய கோடாகச் சுருங்கிவிட்டது. தண்ணீர் எடுக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் வந்தன. எது எந்த மாதத்தில் வற்றும், விறகுக்கு எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதும் வந்தது. முதல் வரைபடத்தோடு நின்றிருந்தால் எங்கள் திட்டம் சாலையைப் பற்றியதாகவே இருந்திருக்கும். பெண்களுக்கு எங்களிடம் பேச்சு வந்ததற்குக் காரணம் எங்கள் திறமை அல்ல, நாங்கள் மறுபடியும் வந்து நின்றது.

களப்பணியின் இன்னொரு பாதி மேற்பார்வை. அன்றாடக் களப்பணி அறிக்கையை யாராவது வரி வரியாகப் படிக்கிறார்களா என்பதில்தான் இது இருக்கிறது. "கூட்டத்துக்கு மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று மாணவர் எழுதுவது வழக்கம். எங்கள் மேற்பார்வையாளர் அந்த வரியை அடிக்கோடிட்டு ஓரத்தில் எழுதுவார்: யார் வரவில்லை? அன்று நாற்று நடவு இருந்ததா? வந்திருந்தால் எவ்வளவு கூலியை இழந்திருப்பார்கள்? அடுத்த கூட்டம் வேலை முடிந்து மாலையில் நடக்கும். எனக்குத் தொழில் பழகியது பாடப்புத்தகத்தைவிட அந்த ஓரக்குறிப்புகளில்தான்.

இனி எதிர்ப்பக்கம். மருத்துவமனை, மனநலம், நீதிமன்றம் சார்ந்த பணிகளில் நான் இருந்ததில்லை; அங்கே வேலை செய்யும் தோழிகள் சொல்வதை வைத்தே பேசுகிறேன். தனிநபர் ஆற்றுப்படுத்தலில் பி.எஸ்.டபிள்யூ படித்தவர்கள் எங்களைவிட உறுதியாகத் தொடங்குகிறார்கள் என்று அவர்கள் சொல்வதை நம்புகிறேன். அந்தப் பக்கம்தான் மனம் போகிறது என்றால் தனிச் சமூகப்பணியே சரி.

வெளிநாட்டில் இத்தொழிலைச் செய்ய நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2005 முதல் சமூகப்பணியாளர் என்ற பெயரைப் பதிவு பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்த முடியும். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.எஸ்.டபிள்யூ பட்டத்துக்குக் குறைந்தது 400 மணிநேரக் களப்பயிற்சி கட்டாயம். இரண்டும் இணைந்த பட்டத்தின் பெயர் அத்தகைய பதிவு அமைப்புகளின் பட்டியலுக்குள் வருமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. சான்றிதழில் சமூகப்பணி என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பலகையையும் விட்டுவிட்டு, கடந்த ஆண்டின் களப்பணி அட்டவணையைக் கேளுங்கள். எந்த ஊர், எந்த மாதங்கள், அடுத்த ஆண்டும் அதே ஊரா, ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள், அறிக்கை எத்தனை நாளில் திருத்தித் திரும்ப வருகிறது என்று விசாரியுங்கள். மூத்த மாணவர் ஒருவரிடம் திருத்திய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கையெழுத்து மட்டும் இருந்து, களப்பணி நாட்களும் வறண்ட மாதங்களிலேயே முடிந்துவிடுகின்றன என்றால், பட்டத்தின் பெயரில் ஊரக வளர்ச்சி இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்ட கல்லூரியைவிட, அறிக்கையை ஒழுங்காகப் படித்துத் திருத்தும் சாதாரண பி.எஸ்.டபிள்யூ கல்லூரியில் சேருங்கள் என்றே சொல்வேன்.