பனோரமிக் சன்ரூஃப் வேண்டுமா, வேண்டாமா: குடும்பக் காருக்கு ஓர் ஒப்பீடு

ஷோரூமில் விற்பனையாளர் முதலில் அழுத்திக் காட்டுவது பெரும்பாலும் பனோரமிக் சன்ரூஃபின், அதாவது பின் சீட்டு வரை நீளும் கண்ணாடிக் கூரையின், பொத்தானைத்தான். திரை பின்னால் நகர்ந்ததும் உள்ளே வெளிச்சம் பரவும், இருண்டிருந்த பின் சீட்டு சட்டென்று பெரிதாகத் தெரியும், பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். வாங்குகிற முடிவில் பாதி அந்த நிமிடத்திலேயே ஆகிவிடுகிறது. ஆனால் ஷோரூமுக்குள் உச்சி வெயில் இல்லை, அடைமழை இல்லை, குண்டும் குழியுமான சாலை இல்லை, சில வருடங்கள் சேர்ந்த தூசியும் இல்லை. இவை எல்லாவற்றையும் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் கண்ணாடிக் கூரைக்குக் கொடுக்கும் பணம் தகுமா என்று சொல்ல முடியும்.

நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் காரில் யார் மேலே பார்க்கப் போகிறார்கள்? ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்க வேண்டும். அவர் பக்கத்தில் இருப்பவருக்கு எதிரே அகலமான முன் கண்ணாடி இருக்கிறது. பின்னால் உட்காருபவர்களின் நிலைமைதான் வேறு. இப்போது வரும் பல எஸ்யூவிகளில் பின்கதவு ஜன்னலின் அடி விளிம்பு உயரமாக இருக்கிறது, பின்னால் போகப் போக ஜன்னல் குறுகியும் விடுகிறது. நேர் எதிரே முன் சீட்டின் ஹெட்ரெஸ்ட். பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கையில் இருக்கும் கைக்குழந்தைக்கோ சீட்டின் சாய்வுப் பகுதியும் கூரையும் தவிரப் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆக, பனோரமிக் கூரை என்பது பின் சீட்டுக்காரர்களுக்கான வசதி. உங்கள் பின் சீட்டு பெரும்பாலும் காலியாகவே ஓடுகிறது என்றால், அதற்குப் பணம் போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இனி எதிரெதிரே நிற்பவை நான்கு: சாதாரண இரும்புக் கூரை, முன் சீட்டுக்கு மேல் மட்டும் திறக்கும் சிறிய சன்ரூஃப், முன்பாதி திறந்து பின்பாதி திறக்காமல் இருக்கும் பனோரமிக் சன்ரூஃப், எதுவுமே திறக்காத முழுக் கண்ணாடிக் கூரை.

எடையும் தலைக்கு மேல் இடமும்

கூரைக்குப் பயன்படும் இரும்புத் தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர் கனம். ஒரு சதுர மீட்டர் எடுத்தால் ஐந்தரை கிலோ வரும். அதே அளவு கண்ணாடி, 4 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில், 10 முதல் 12 கிலோ. கண்ணாடி நகர வேண்டும் என்றால் தண்டவாளம், மோட்டார், திரை, இவற்றைத் தாங்கும் சட்டம் என்று எடை இன்னும் ஏறும். இவ்வளவும் வண்டியின் ஆக உயரமான இடத்தில் போய் உட்காருகிறது. உயரமான எஸ்யூவி வளைவில் திரும்பும்போது சாய்வது இதனால் கொஞ்சம் கூடும். அன்றாடம் நிதானமாக ஓட்டுபவருக்கு இது பெரிதாக உறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உறைப்பது தலைக்கு மேலுள்ள இடம். திறக்கும் அமைப்பு பொதுவாக 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை விழுங்கிவிடும். வீட்டில் உயரமானவர் இருந்தால் அவரையே கூட்டிப்போய், சீட்டை அவர் வழக்கமாக வைக்கும் உயரத்துக்கு ஏற்றி, திரையை மூடிவைத்து உட்காரச் சொல்லுங்கள். பின் சீட்டிலும் உட்காரட்டும். திரைச் சுருள் இருக்கும் இடத்திலும், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வரும் குறுக்குச் சட்டத்திலும்தான் உச்சந்தலை இடிக்கும். திறக்காத முழுக் கண்ணாடிக் கூரை இந்த விஷயத்தில் எல்லாரையும் முந்துகிறது. தண்டவாளமும் மோட்டாரும் இல்லாததால், இரும்புக் கூரையைவிடக்கூட இடம் தாராளமாகக் கிடைப்பதுண்டு.

வெயில்

தெளிவான வானில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. அதில் நாலில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிற நல்ல கறுப்புக் கண்ணாடி என்றாலும் 250 வாட் உள்ளே வரும். ஏசி அதையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். அப்புறம், சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதனால் கண்ணாடி கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுத்தாலும் தானே சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இருப்பவர் தலையில் இறக்கும். ஏசி முகத்தில் சில்லென்று அடிக்கும்போதே உச்சந்தலை காய்வது இதனால்தான்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. டெஸ்ட் டிரைவை மாலையில் வைக்காமல் மத்தியானத்தில் கேளுங்கள். வண்டி வெயிலில் அரைமணி நேரம் நின்ற பிறகு, திரையை மூடி, உள்ளங்கையைத் திரைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். திரை கெட்டித் துணியா, வலை மாதிரியான மெல்லிய துணியா என்பது கைக்குத் தெரிந்துவிடும். மெல்லிய துணி வழியாகச் சூடு நேராக இறங்கும். சில பெரிய கார்களில் பனோரமிக் கூரைக்கு அப்படிப்பட்ட திரைதான் வருகிறது என்பதால் விலையைப் பார்த்து இதை ஊகிக்க வேண்டாம்.

டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் போன்றவற்றின் முழுக் கண்ணாடிக் கூரைக்குத் திரையே கிடையாது. வெப்பம் கடுமையான இடத்தில் அவற்றை வாங்குபவர்கள் வலைத்திரை ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். மின்சாரத்தால் நிறம் மாறும் கண்ணாடிகளும் இருக்கின்றன. மெர்சிடீஸ் 2011-லேயே எஸ்எல்கே மாடலில் கொண்டுவந்தது, இப்போது ரெனோவின் புதிய சீனிக்கில் பகுதி பகுதியாக மங்கும் கூரை வருகிறது. வசதிதான். ஆனால் மங்குவது என்பது வெளிச்சத்தைச் சிதறடிப்பதுதான் என்றால், கெட்டித் துணித் திரை தரும் நிழலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

குளிர் நாட்டிலோ மேகம் மூடிய ஊரிலோ இருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அங்கே மாதக்கணக்கில் மங்கிய வெளிச்சத்தில் ஓட்டுபவருக்குக் கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சம் பெரிய நிம்மதி. வெயில் ஊர்க்காரர்கள் அந்த நாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு முடிவெடுப்பதில்தான் எனக்குக் கவலை.

மழையும் வடிகுழாயும்

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: திறக்கும் சன்ரூஃபின் ரப்பர் ஓரம் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அதைப் பிடிக்கக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வடிகால் பள்ளமும், அதன் மூலைகளில், பெரும்பாலும் நான்கு மூலைகளிலும், வடிகுழாயும் இருக்கும். அந்தக் குழாய்கள் முன் கண்ணாடி ஓரத் தூண்களுக்குள்ளும் பின் தூண்களுக்குள்ளும் இறங்கி, வண்டிக்கு அடியில் தண்ணீரை விடும். குழாயின் உள்விட்டம் சுண்டுவிரலைவிடக் குறைவு. மரத்தடியில் நிறுத்தும் காரில் பூவும் சருகும் தூசியும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால், தண்ணீர் பள்ளம் நிறைந்து உள்ளே வழியும்.

வழியும் தண்ணீர் தலையில் சொட்டினால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது தூணின் உட்புறமாக இறங்கிக் கார்பெட்டுக்கு அடியில் தேங்குகிறது. பல கார்களில் மின் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. முதலில் ஒரு பூஞ்சை வாடை, அப்புறம் கண்ணாடியில் காரணமில்லாத ஆவி, கடைசியில் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள். மெக்கானிக் சென்சாரையும் பேட்டரியையும் தேடிக்கொண்டிருப்பார், கோளாறு கூரையில் இருக்கும்.

தடுப்பது கடினமில்லை. சன்ரூஃபைத் திறந்து, மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் அந்தப் பக்கம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது. மெல்லிய, வளையக்கூடிய நைலான் இழையை மெதுவாக விட்டு எடுத்தால் போதும். காற்றுக் குழாயை வைத்து வேகமாக அடிக்க விடாதீர்கள். உள்ளே குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் கூரையின் உள்துணியையே இறக்க வேண்டிவரும். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை இதைச் செய்ய நீங்கள் தயாரில்லை என்றால், திறக்கும் பனோரமிக் உங்களுக்கானதல்ல என்றே சொல்வேன். சிறிய சன்ரூஃபுக்கும் இதே வடிகுழாய் உண்டு. திறக்காத கண்ணாடிக் கூரை முன் கண்ணாடியைப் போலப் பசையால் ஒட்டப்படுவதால் இந்தத் தொல்லையே இல்லை.

சத்தம்

மோசமான சாலையில் வண்டியின் உடல் லேசாக முறுக்கும்போது பெரிய சட்டத்திலிருந்து கிறீச்சென்ற சத்தம் வரலாம். தூசி சேர்ந்த ரப்பரைத் துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் மசகைத் தடவினால் பெரும்பாலும் அடங்கும். வேகத்தில் திறந்தால் சில கார்களில் காதில் குப்குப்பென்று காற்று அடிக்கும். ஒரு பக்க ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் நின்றுவிடும்.

பாதுகாப்பு

கண்ணாடிக் கூரை என்றால் வண்டி உருண்டால் நசுங்கிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கூரையின் பலம் பெரும்பாலும் தூண்களிலும் பக்கச் சட்டங்களிலும்தான் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ் நடத்திவந்த கூரைச் சோதனையில் நல்ல மதிப்பெண் பெற, கூரை வண்டியின் எடையைப் போல 4 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருந்தது. சன்ரூஃப் உள்ள கார்களும் அதைத் தாண்டியிருக்கின்றன.

உண்மையான கவலை வேறு இரண்டு. முதலாவது, உருளும்போது கூரைத் திறப்பு வழியாக வெளியே எறியப்படுவது. சீட் பெல்ட் போட்டவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, போடாதவருக்கு மிக அதிகம். பக்க ஜன்னல் வழியாக எறியப்படுவதைத் தடுக்க அமெரிக்காவில் தனி விதி இருக்கிறது, அது கூரைக் கண்ணாடிக்குப் பொருந்தாது. ஹூண்டாய் மோபிஸ் 2017-இல் சன்ரூஃபுக்கென்றே ஏர்பேக் ஒன்றை உருவாக்கிக் காட்டியதற்கு இந்த ஆபத்துதான் காரணம்.

இரண்டாவது, கண்ணாடி எந்த வகை என்பது. டெம்பர்டு கண்ணாடி உடைந்தால் முழுதும் சிறு துண்டுகளாகக் கொட்டும். லேமினேட்டடு கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்தது. உடைந்தாலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும், புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும். சன்ரூஃப் திடீரென்று வெடித்துச் சிதறியதாக அமெரிக்க அரசிடம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைந்தது 859 புகார்கள் வந்திருப்பதாக ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ 2017-இல் கணக்கெடுத்தது. ஓடும் கார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். ஆனாலும் கூரைக்கு நேர் கீழே குழந்தை உட்காருகிறது என்றால் லேமினேட்டடு கண்ணாடியைத்தான் நான் தேடுவேன். கண்ணாடி ஓரத்திலிருக்கும் சிறிய முத்திரையில் வகை அச்சிடப்பட்டிருக்கும், விற்பனையாளர் சொல்வதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

அப்புறம், பிள்ளைகளைச் சன்ரூஃப் வழியாக நிற்கவைத்து ஓட்டுவது. ஒரு திடீர் பிரேக் போதும், வயிறும் மார்பும் அந்த விளிம்பில் மோதும். மெதுவாகத்தானே போகிறோம் என்பதெல்லாம் இதற்குச் சமாதானமே இல்லை. பிள்ளைகள் கெஞ்சினால் மறுக்க முடியாது என்று நினைக்கும் பெற்றோர் திறக்காத கூரையையே வாங்கிவிடுவது நல்லது.

எதற்குப் பணம் போடலாம்

பெரும்பாலான கார்களில் பனோரமிக் சன்ரூஃப் மேல் வேரியன்டில்தான் வருகிறது. அதனால் விலை வித்தியாசத்தை முழுதும் கூரையின் கணக்கில் எழுதக்கூடாது, அதோடு என்னென்ன வருகின்றன என்று பாருங்கள். பக்க ஏர்பேக்கும் பின் சீட்டு ஏசியும் கீழ் வேரியன்டிலேயே கிடைத்துவிட்டால், மிஞ்சும் வித்தியாசம் கூரைக்கும் சில அலங்காரங்களுக்கும்தான். வெயில் ஊரில், திறந்தவெளியில் நிறுத்தும் குடும்பம் என்றால் நான் தயங்காமல் கீழ் வேரியன்டை எடுப்பேன். காற்றுக்காக மட்டும் ஆசைப்படுபவருக்குச் சிறிய சன்ரூஃப் தாராளம். நிறுத்திவைத்த காரின் சூடான காற்றை வெளியேற்ற, பின் விளிம்பைத் தூக்கிவிட்டால் அதுவும் பனோரமிக் செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

பனோரமிக்குக்கு என் ஆதரவு ஒரு சூழ்நிலையில் உறுதியாக உண்டு: பின் சீட்டில் நாள்தோறும் பிள்ளைகளோ பெரியவர்களோ பயணிக்க வேண்டும், நிழலில் நிறுத்த இடம் இருக்க வேண்டும், திரை கெட்டியாகவும் கண்ணாடி லேமினேட்டடாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது வரிசை உள்ள காரில் பின்னால் அடைபட்டு உட்காருபவர்களுக்கு இது தரும் விசாலத்தை வேறு எந்த வசதியும் தராது. அதிலும் திறக்காத வகை கிடைத்தால் அதையே எடுங்கள். கூரையில் சாமான் கட்டிப் பயணிப்பவர்கள் மட்டும் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட சுமையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சில மாடல்களில் கண்ணாடிக் கூரைக்கு அது குறைவு.

கடையில் கொடுத்துக் கூரையை வெட்டிப் பிற்பாடு சன்ரூஃப் பொருத்துவதை எந்த விலைக்கும் செய்யாதீர்கள். வண்டியின் உடலை வடிவமைத்தவர்கள் அந்த ஓட்டையைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள்.

பழைய காரில் பனோரமிக் வாங்குவதாக இருந்தால், கண்ணாடியையும் திரையையும் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள், நடுவில் திணறினால் காது கொடுத்துக் கேளுங்கள். பல மாடல்களில் ஒரு பாகம் போனாலும் முழு அமைப்பையே மாற்றச் சொல்வார்கள். கூரைத் துணியின் மூலைகளில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் இரண்டு மிதியடிகளையும் எடுத்துவிட்டுக் கார்பெட்டைக் கையால் அழுத்துங்கள், பின்னாலும் அதேபோல. ஈரம் தட்டுப்பட்டால் விலை குறைக்கக் கேட்க வேண்டாம், அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.