சூரிக் நகரின் 24 மணி நேரப் பயணச்சீட்டு: சிக்கனப் பயணிக்கு எவ்வளவு தூரம் உதவும்?

சூரிக் என்றதும் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது விலைவாசியைப் பற்றித்தான். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஒரு சுவிஸ் பிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கும் மேல். ஒரு கோப்பைக் காப்பிக்கு ஐந்து பிராங்க் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் திருநெல்வேலியிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் ஐரோப்பியச் சுற்றுலா செல்லும் குழுக்கள் பனிமலைகளைப் பார்த்துவிட்டு, சூரிக்கை விமானம் ஏறும் ஊராக மட்டுமே வைத்துக்கொள்கின்றன. எங்கள் குழுவுக்கு அங்கே ஒரு நாள் ஓய்வாகக் கிடைத்தது. பேருந்தில் அழைத்துச் சென்று நகரத்தைச் சுற்றிக்காட்டப் பயண ஏற்பாட்டாளர் தனிக்கட்டணம் கேட்டார். அந்தத் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாததால், திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவரும் நானும் நகரப் போக்குவரத்தின் 24 மணி நேரச் சீட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். அந்தச் சீட்டைப் பற்றிய மதிப்பீடுதான் இது.

சூரிக் காண்டன் (நம் மாநிலம் போன்ற பிரிவு) முழுவதும் ரயில், டிராம், பேருந்து, படகு ஆகிய அனைத்தையும் 1990 முதல் இசட்விவி என்னும் ஒரே கூட்டமைப்பு இணைத்து வைத்திருக்கிறது. வண்டியை ஓட்டுவது எந்த நிறுவனமாக இருந்தாலும் சீட்டு ஒன்றுதான். காண்டனை மண்டலங்களாகப் பிரித்து, கடக்கும் மண்டலங்களுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். நகரம் முழுவதும் 110 என்ற ஒரே மண்டலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் ஒரு மணி நேரம் செல்லுபடியாகும் தனிச்சீட்டு நாலரை பிராங்கை ஒட்டி வருகிறது. 24 மணி நேரச் சீட்டு அதைப் போல் இரண்டு மடங்கு, அதாவது ஒன்பது பிராங்க் அளவு. காலையில் ஓரிடம் போய் மாலையில் திரும்பினாலே போட்ட பணம் வந்துவிடும். மூன்றாவது முறை ஏறும்போதிலிருந்து எல்லாம் லாபம்தான். மேலும், இது நள்ளிரவோடு முடிகிற சீட்டு அன்று. காலை பத்து மணிக்கு வாங்கினால் மறுநாள் காலை பத்து மணி வரை செல்லும் என்பதால், அடுத்த நாள் பெட்டிகளோடு ரயில் நிலையம் போகும் செலவும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

சீட்டு இயந்திரத்தைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அது வழிகாட்டுகிறது. ஆனால் முழுக் கட்டணத்தோடு பாதிக் கட்டணமும் திரையில் வரும்போது நிதானித்துப் பார்க்க வேண்டும். பாதிக் கட்டணம் சிறுவர்களுக்கும், அந்நாட்டுச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே உரியது. டிராமில் நடத்துநர் கிடையாது, நிலையங்களில் தடுப்புக் கதவும் கிடையாது. திடீரென்று பரிசோதகர்கள் ஏறுவார்கள், செல்லத்தக்க சீட்டு இல்லாதவருக்கு அபராதம் கடுமையாக இருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டே வேண்டாம்.

இந்தச் சீட்டின் அருமை எனக்குப் புரிந்தது டிராமில் அல்ல, பாலிபான் என்னும் சிறிய மலை ரயிலில்தான். லிம்மத் ஆற்றின் கரையில் சென்ட்ரல் என்ற சந்திப்பில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் சிவப்பு நிறப் பெட்டி ஒன்று சரிவில் சாய்ந்து நிற்கிறது. உள்ளே தளம் படிப்படியாக உயர்கிறது. கதவு மூடியதும் கம்பிவடம் இழுக்க, பெட்டி தெருவின் மேலே செல்லும் பாலத்தைக் கடந்து ஏறுகிறது. பாதி வழியில் மேலேயிருந்து இறங்கும் மற்றொரு பெட்டி நம்மை உரசிவிடுமோ என்னும்படி நெருங்கி வந்து விலகிப் போகிறது. ஒன்றின் எடையே மற்றொன்றை ஏற்ற உதவும் இந்த ஏற்பாடு 1889இல் தொடங்கியது. முதலில் மேலிருக்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பி அந்தப் பாரத்தாலேயே ஓட்டினார்கள், பிறகுதான் மின்சாரம் வந்தது. 176 மீட்டர் நீளமே உள்ள இந்தப் பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மேலே இறங்கினால், ஐன்ஸ்டைன் 1896 முதல் 1900 வரை பயின்ற ஈடிஹெச் தொழில்நுட்பக் கல்லூரியின் அகன்ற மாடி முற்றம். பழைய நகரத்தின் ஓட்டுக்கூரைகளும் தேவாலயக் கோபுரங்களும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரிகின்றன. இந்தக் காட்சிக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. கல்லூரியின் உணவகத்தில் வெளியாரும் சாப்பிடலாம். மாணவர்களைவிட நமக்கு விலை கூடுதல் என்றாலும், நகரத்து உணவகங்களோடு ஒப்பிட்டால் அது குறைவே.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும் லிம்மத் ஆற்றுப் படகும் இதே சீட்டில் சேர்த்தி. தேசிய அருங்காட்சியகத்துக்கு அருகில் ஏறினால், தாழ்வான பாலங்களுக்கு அடியில் புகுந்து ஏரிக்குள் சென்று திரும்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. வெளியே தனியாருக்குப் பெருந்தொகை கொடுத்துப் படகு ஏறுவதற்கு முன், கையிலுள்ள சீட்டே இதற்குப் போதும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கோடையில் மேல் லெட்டன், கீழ் லெட்டன் என்ற ஆற்றுக் குளியலிடங்களிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் நீரோட்டம் வேகமானது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் இறங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நகரத்தில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. ‘குடிக்கத் தகாதது’ என்று எழுதிவைத்திருந்தாலொழிய எல்லாமே குடிநீர்தான். லிண்டன்ஹோஃப் மேட்டில் ஒரு தொட்டியின் முன் அண்ணாச்சி காலிப் புட்டியோடு தயங்கி நின்றார். “தம்பி, காசு வாங்காம விடுத தண்ணிய நம்பிக் குடிக்கலாமா?” என்றார். “குடிங்க அண்ணாச்சி, இந்த ஊர்க்காரங்களும் இதைத்தான் குடிக்காங்க” என்றேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தவர், பாபநாசத்துப் படித்துறையில் அள்ளிக் குடித்த தண்ணீரைப் போல் இருக்கிறது என்று சொல்லிப் புட்டியை நிரப்பிக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் தண்ணீர்ப் புட்டி வாங்க ஒரு காசும் செலவழிக்கவில்லை. ஆனால் ஓர் உணவகத்தில் நாங்கள் கேட்காமலே வைத்த குழாய்த் தண்ணீருக்கும் கணக்குச் சீட்டில் தொகை சேர்த்திருந்தார்கள். உட்காருமுன் விலைப்பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

லிண்டன்ஹோஃப் மேடு நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கோட்டை இருந்த இடம். இப்போது மர நிழலில் பெரிய காய்களை நகர்த்திச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து இறங்கினால் எல்லாமே நடை தூரத்தில்தான். புனித பேதுரு ஆலயக் கடிகாரத்தின் முகப்பு 8.7 மீட்டர் விட்டமுள்ளது. ஆற்றுக்கு அக்கரையில் கிராஸ்மூன்ஸ்டர் ஆலயம். உல்ரிக் ஸ்விங்லி 1519இல் போதகராகப் பொறுப்பேற்று சுவிஸ் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த இடம் இது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை, கோபுரத்தில் ஏறுவதற்கு மட்டும் உண்டு. நம் ஊர்த் தேவாலயத்து ஊசிக்கோபுரத்தின் நிழலில் வளர்ந்த பாளையங்கோட்டைக்காரர்கள் இங்கே ஒரு பத்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம். எதிர்க்கரையில் உள்ள ஃபிராமூன்ஸ்டர் ஆலயத்துக்கு ஐந்து பிராங்க் அளவில் கட்டணம் உண்டு. சிக்கனம் பார்த்து இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஓவியர் மார்க் ஷாகால் தம் எண்பதுகளில் வடிவமைத்து 1970இல் நிறுவப்பட்ட ஐந்து வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் உயர்ந்து நிற்கும் இடத்தில், வெயில் ஏற ஏற நீலமும் பச்சையும் மஞ்சளும் நிறம் மாறுவதைப் பார்க்க அந்தப் பணம் தகும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, குறைகளையும் சொல்லியாக வேண்டும். பழைய நகரத்தை மட்டும் பார்க்க நினைப்பவருக்கு இந்தச் சீட்டே தேவையில்லை. நல்ல காலணி இருந்தால் போதும். மூட்டு வலி உள்ளவர்களுக்கும், தங்கும் விடுதி நகர ஓரத்தில் உள்ளவர்களுக்கும்தான் இது உண்மையான துணை. இரண்டாவது குறை, மண்டல எல்லை. விமான நிலையம் 110க்குள் வராது. ஊட்லிபெர்க் மலை உச்சிக்குச் செல்லும் எஸ்10 ரயிலின் கடைசி நிலையமும் வராது. ஈழத் தமிழர்கள் பேணிவரும் அட்லிஸ்வில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்கும் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். இதை இயந்திரம் நமக்கு எச்சரித்துச் சொல்வதில்லை. இத்தகைய இடங்களுக்குக் கூடுதல் மண்டலத்துக்கான இணைப்புச் சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். விமான நிலையம், ஊட்லிபெர்க், அருங்காட்சியகங்கள் மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்பவர்கள், ஏறத்தாழ மூன்று மடங்கு விலையுள்ள, இவை மூன்றுக்கும் உதவும் சூரிக் கார்டு என்னும் சுற்றுலா அட்டையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாடு முழுவதும் பயணிக்க உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்கள் இவை எதையும் வாங்க வேண்டாம். நகர வண்டிகளில் அதுவே செல்லும்.

சாப்பாட்டு விஷயத்தில் சீட்டு உதவாது என்றாலும், சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 1898 முதல் நடந்துவரும் ஹில்டில் உலகின் மிகப் பழமையான சைவ உணவகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. நம் நாட்டு உணவு வகைகளும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் தட்டை எடை போட்டு விலை வாங்குவதால் சோற்றையும் குழம்பையும் கண்ட ஆசையில் குவித்துவிட்டால் தொகை ஏறிவிடும். நாங்கள் பகலில் மிக்ரோஸ் கடையில் ரொட்டி, தயிர், பழங்கள் வாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பச்சை உறையில் வரும் எம்-பட்ஜெட் பொருள்கள் அங்கே விலை குறைந்தவை. ஞாயிற்றுக்கிழமை நகரக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். தலைமை ரயில் நிலையத்துக்கு அடியில் உள்ள கடைகள் திறந்திருக்கும் என்பதால், அன்று போகிறவர்கள் காலையிலேயே அங்கே வாங்கிக்கொண்டு டிராம் ஏறலாம்.